உங்கள் தம்பியின் பைன் பீர்

கிளென் ஆரிக்,
ஜூன் மாதம், சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த கிர்ஸ்டி அண்ணிக்கு, மைரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் ஆடுகளும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் வலது முழங்காலும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர் ரானல்டின் சுகத்தை நீங்கள் அவரிடமே விசாரித்துக்கொள்வதுதான் நல்லது. அவர் இப்போது வீட்டில் இல்லை. கொல்லைக் கொட்டகையில் இருக்கிறார், தலையணையோடு.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் போன தடவை வீட்டில் இரட்டைக் குட்டி என்று நான் ஆட்டைப் பற்றிச் சொல்ல, நீங்கள் இரண்டு ஜோடி குழந்தைக் காலுறை பின்னி அனுப்பிவிட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் இரண்டு வாரம் சும்மா இருந்தார். அதுதான் நான் கண்ட சுகம். பிறகு யாரோ, அந்தக் காலத்தில் நம் மலைக்காரர்கள் பைன் மரக் கொழுந்தும் அதன் பங்காளி ஸ்ப்ரூஸ் மரக் கொழுந்தும் போட்டுத்தான் பீர் காய்ச்சினார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பீர் என்று நான் எழுதுவது தெரிந்தால் அதற்கும் சண்டை வரும், ஏல் என்று சொல்ல வேண்டுமாம். மே மாதம் முழுக்கச் சாக்கை எடுத்துக்கொண்டு மலையேறி, தபால் சுமந்த காலத்தில் கூட நடக்காத தூரமெல்லாம் நடந்து, இளம்பச்சைக் கொழுந்தாகப் பறித்து வந்து, நான் ஜாம் கிண்டும் பெரிய செப்புப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தார். கஞ்சியில் ஊசியிலை, படுக்கையில் ஊசியிலை, கோயிலில் நான் முழங்கால் போட்டால் அங்கேயும் குத்துகிறது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், மைரி புதிதாக என்ன சோப்பு போடுகிறாள் என்று கேட்டுக்கொண்டார்களாம்.

இதோடு போயிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? போன சனிக்கிழமை ஊர்த் திருவிழாவில் பைன் பீர்ப் போட்டி வைத்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய விடுதிக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பாதிரியாரின் மனைவி திருமதி பெத்யூன் நேராக என்னிடம் வந்துவிட்டார். என் நாக்கு பொய் சொல்லாது என்று ஊரில் ஒரு பெயர் உண்டு, இத்தனை நாள் எனக்கும் அதில் பெருமைதான். போட்டியில் என் வீட்டுக்காரரும் இருக்கிறார், வேண்டாம் என்று எவ்வளவோ மறுத்தேன். அதைக் கேட்டுப் பாதி ஊருக்கு முன்னால் உங்கள் தம்பிதான் சொன்னார்:

"நீ பொண்டாட்டியா வராத. நாக்கா மட்டும் வா."

சரி, நாக்காகப் போனேன்.

மூன்று குவளை. எது யாருடையது என்று திருமதி பெத்யூனுக்கு மட்டும் தெரியும். முதல் குவளையில் பைன் மரத்தின் நிழல் விழுந்திருக்கலாம், மரம் விழவில்லை. அப்படியே சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவது நாக்கில் பட்டதும் பிசின் மாதிரி பிடித்துக்கொண்டது. தொண்டையில் இறங்க மறுத்து மூக்கு வழியாக மேலே ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. என்ன ருசி என்று திருமதி பெத்யூன் கேட்க, பழைய படகுத் துடுப்பை ஒரு வருஷம் ஊறப்போட்டால் இப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. உங்கள் தம்பியின் அந்த முகத்தைப் பார்த்ததுமே அது எங்கள் வீட்டுச் சரக்கு என்று தெரிந்துவிட்டது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டே மூன்றாவதைக் குடித்தேன். அண்ணி, அது வேறு ஜாதி. முதலில் வறுத்த பார்லியின் இனிப்பு, அதன் பின்னால் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு சுள்ளென்ற புளிப்பு, விழுங்கிய பிறகு, மழை விட்ட காட்டில் மூச்சை இழுத்து விட்டது போல ஒரு வாசம். கை தானாக நீண்டு இன்னொரு குவளை கேட்டது. அது டூகலுடையது. ஆம், நம் வேலிக்கு அந்தப் பக்கத்து டூகல்தான், முப்பது வருஷமாக உங்கள் தம்பியோடு செம்மறிக் கிடாவிலிருந்து உருளைக்கிழங்கு வரை எல்லாவற்றிலும் போட்டி போடும் அதே டூகல்.

அன்றைக்குக் கொட்டகைக்குப் போனவர்தான். சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறார். என்னோடு பேசுவதில்லை, நாயோடு பேசுகிறார். "பிரான், மீன்ல உப்பு கம்மின்னு அம்மாகிட்ட சொல்லு" என்கிறார். நானும் நாயிடமே பதில் சொல்லி அனுப்புகிறேன். நாய் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்து இளைத்துவிட்டது.

நேற்று பொறுக்க முடியாமல் கொட்டகைக்கே போய், துடுப்பு என்று சொன்னது தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றேன். நாயைக் கூப்பிடாமல் என்னிடமே சொன்னார்:

"துடுப்புன்னு சொன்னதுக்கு எனக்குக் கோபமில்ல, மைரி. எனக்கே அத முழுங்க முடியல. அவன் குவளைய ரெண்டாந்தரம் நீட்டின பாரு, அதான்."

அண்ணி, நான் வீட்டுக்குத் திரும்பி வந்து அழுதேன். அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார், உங்கள் பேச்சைத் தவிர. முழங்கால் வலியைப் பார்க்காமல் அடுத்த ரயிலைப் பிடித்து வந்து, அக்கா என்ற முறையில் நாலு வார்த்தை திட்டி அவரை வீட்டுக்குள் கொண்டுவந்து சேருங்கள். முடியாவிட்டால் ஒரு மாதம் அபர்டீனுக்குக் கூட்டிப் போய் வைத்துக்கொள்ளுங்கள். செலவு, புண்ணியம் இரண்டும் உங்களுடையது.

அங்கே அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். ஆண்டவர் உங்கள் கூரையையும் முழங்காலையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியை இன்னும் கைவிடாத
மைரி

பி.கு.: இன்று திங்கள். ஞாயிறன்று தபால் இல்லாததால் கடிதம் மேசைமேலேயே கிடந்தது. நேற்று ஆராதனை முடிந்த கையோடு டூகல் ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அடிதடி என்று நினைத்து நான் கரண்டியோடு ஓடினேன். அங்கே இருந்தது ஒரே குவளை, அதன் அடியில் உங்கள் தம்பியின் சரக்கு கொஞ்சம் மிச்சம். அது தெரியாமல் டூகல் தன்னுடையதை அதிலேயே ஊற்றி அவரிடம் நீட்டியிருக்கிறார். இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்துவிட்டு, இரண்டு சரக்கையும் மறுபடி கலந்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு ருசியாக நான் எதையும் குடித்ததில்லை. உங்கள் தம்பி நேற்றே வீட்டுக்குள் வந்துவிட்டார், டூகலும் கூடவே வந்துவிட்டார், இன்னும் போகவில்லை. ஆகையால் திட்டவும் வேண்டாம், கூட்டிப் போகவும் வேண்டாம். சும்மா பார்த்துவிட்டுப் போக வருவதானால் மட்டும் அபர்டீனிலேயே நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள். ஊருக்கே காய்ச்சப்போகிறார்களாம், அவ்வளவு பெரிய பாத்திரம் இல்லாததால் எங்கள் குளியல் தொட்டி நிறையக் கொழுந்து ஊறிக்கொண்டிருக்கிறது.