செலாயாங்குக்குப் போன கோச்சும் சிவநேசனின் உறுமியும்

கேளுங்கள், பெருமக்களே! கடல்வாய்க் கிள்ளானின் காவலன், மலைபோன்ற கொள்கலன் சுமந்த லோரியை ஒற்றைக் கையால் வளைத்தோட்டும் வல்லாளன், பண்டமாரான் ரேஞ்சர்ஸ் காற்பந்து ரசிகர் படையின் முழங்கும் முன்னணி, உறுமியேந்திய சிவநேசன், தன் பழைய தளபதியோடு பொருத பெரும்போரை இங்கே பாடப் புகுகிறேன். அவர் என் கணவர். இன்று மாலையணிந்த படமாக வரவேற்பறையில் வீற்றிருப்பதால், நான் எங்கேனும் மிகைப்படுத்தினாலும் குறுக்கிட்டு மறுக்க மாட்டார். சொல்லின் செல்வியே, என் நாவில் வந்தமர்க! வரும்போது கொஞ்சம் காற்பந்தறிவும் கொண்டு வருக. ஆப்சைட் எதுவென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் தளபதியின் சீர். ராதாகிருஷ்ணன் என்பது திருப்பெயர். கோச் என்பது ஊர் சூட்டிய பட்டம். வட்டார லீக்கின் பாதாளத்தில் கிடந்த ரேஞ்சர்ஸைத் தூக்கி நிறுத்தி, கோப்பையைத் தொடவைத்த தோள்கள் அவருடையவை. ஆட்ட நாளில், சற்றே சாய்ந்த நடையோடு அவர் திடலுக்குள் கால்வைக்கும் கணத்தில், அவருக்கென்றே சிவநேசன் உறுமியில் கட்டிய ஓர் அடி எழும். வளைகுச்சி தோலை உரச, குகைக்குள் புலி புரண்டு படுத்தாற்போல நீண்டுறுமி, மும்முறை அதிர்ந்து சட்டென்று நிற்கும். நின்ற அந்த இடைவெளியில், கூடியிருக்கும் ஆயிரம் தொண்டையும் ஒரு தொண்டையாகி, "கோச்சே!" என்று கூவும். வேறு எவருக்கும் அந்த அடி கிடையாது. கோல் போட்டவனுக்கும் கிடையாது. எங்கள் மகள் தாமரையின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டார்கள். அதற்கும் மறுத்துவிட்ட மறவர் அவர்.

அத்தகைய தளபதி, செலாயாங் ராயல்ஸின் நீலச் சட்டையணிந்து புன்னகைக்கும் படம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கைப்பேசிகள்தோறும் வந்திறங்கியது. செலாயாங்! காய்கறி மொத்தச் சந்தையின் முட்டைக்கோசுகள் என்று நாங்கள் ஆண்டுதோறும் பாடி இகழ்ந்த செலாயாங்! வானம் இடியவில்லை, கிள்ளான் ஆறு திரும்பி ஓடவில்லை, ஆயினும் ஜமால் முகமதுவின் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் ஆறிக்கிடக்க, பேரவை கூடியது. சம்பளம் அதிகம் என்றார் ஒருவர். பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். கோச் எப்போதும் சுமார்தான், ஆட்டக்காரர்களால் பிழைத்தார் என்று மூன்றாமவர் தீர்ப்பளித்தார். முந்திய நாள்வரை கைப்பேசியின் முகப்பில் கோச்சின் படத்தை வைத்திருந்தவர் இவரே. எல்லாவற்றையும் மலைபோல் தாங்கி நின்ற என் தலைவனை வீழ்த்தியது, ஆட்டங்களில் அவருக்கருகில் தவில் வாசிக்கும் குகன் எறிந்த சிறுவேல்தான்.

"போறது சரிண்ணே. உங்ககிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா."

அதுதான் புண். மற்றவர்கள் ஒரு கோச்சை இழந்தார்கள். இவர் இழந்தது அண்ணனை. எழுந்தார் சிவநேசன். நாற்காலி பின்னே சாய, மேசை முன்னே நடுங்க, அவையதிரச் சூளுரைத்தார்:

"எல்லாரும் கேட்டுக்குங்க! இனிமே அந்த அடிய நான் அடிச்சா, இந்த உறுமிய போர்ட்டுக்குக் கொண்டுபோயி கடல்ல போட்டுர்றேன்!"

"போடுங்க சிவா," என்றார் ஜமால் முகமது. "போடுறதுக்கு முன்னால, ரொட்டி எத்தன, அதச் சொல்லுங்க."

அன்று தொடங்கின என் வீட்டில் போர்க்காலத் துயரங்கள். பகைவருக்காக இனி அடிப்பதில்லை என்று சபதமிட்ட வீரர், செலாயாங்கின் ஆட்டங்களைக் கைப்பேசியில் ஒன்றுவிடாமல் ஒளிந்து பார்த்தார். அவர்கள் வென்றால் முகம் கருத்தது. சரி, தோற்றால் மகிழ்வார் என்று நினைத்தேன். தோற்ற நாளில் சோறே இறங்கவில்லை. துணி மடிக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தால், திரையைக் குத்தித் துளைத்துக்கொண்டு, "லெஃப்ட்ல ஆள் இல்லண்ணே, லெஃப்ட்ட பாருங்கண்ணே," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தொலையட்டும், முட்டைக்கோசுங்க," என்று கைப்பேசியை அணைத்துவிட்டார்.

இதற்கிடையே சொல்லம்பு தீட்டும் தொழிலும் நடந்தது. செலாயாங் நம் திடலுக்கு ஆடவரும் நாளில், கோச்சை வேலியருகே நிறுத்தி, முகத்துக்கு நேரே எய்ய வேண்டிய அம்பு. லோரியில் தீட்டினார்; குளியலறையில் தீட்டினார்; வாளித் தண்ணீர் வழிந்தோட, "நாங்க உங்களுக்கு என்ன கொற வச்சோம்?" என்று கதவுக்கு அப்பால் முழங்கினார்.

"அத ஒருதடவ கேட்டுட்டா போதும் மலர்," என்றார் என்னிடம். "அதோட முடிச்சிருவேன். அப்புறம் அந்த மனுசன் யாரோ, நான் யாரோ."

முடித்துவிடுவார் என்றுதான் நானும் பயந்தேன். சொன்னால் செய்கிற மனிதர்.

வந்தது போர்நாள்! செங்கொடிகள் காற்றைக் கிழிக்க, நெகிழிக் குழல்கள் காதைப் பிளக்க, வறுத்த கச்சான் கடலையின் நறும்புகை திக்கெட்டும் பரவ, பண்டமாரான் சேனை படிக்கட்டுகளில் அணிவகுத்தது. வியூகம் முன்பே வகுக்கப்பட்டிருந்தது: கோச் திடலுக்குள் நுழையும் கணத்தில் ஒருவரும் வாய்திறக்கலாகாது, அனைவரும் ஒருசேர முதுகு திருப்பி நிற்க வேண்டும். புறமுதுகு காட்டுவதே வீரமாகக் கொண்ட சேனையை உலகம் அன்றுதான் கண்டது.

கதவு திறந்தது. நீலச் சட்டை தெரிந்தது. சேனை திரும்பியது. திரும்பாதவர் ஒருவர்தான், முகத்தைப் பார்த்தே அம்பெய்ய வேண்டும் என்று நின்ற சிவநேசன். அந்தோ, கண்கள் கண்டது பகைவனை அல்ல. அதே சாய்ந்த நடையை! அந்த நடையைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சூளுரைத்த வாய்க்குத் தெரியும், நெஞ்சுக்குத் தெரியும். கைகளுக்கு மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை. வளைகுச்சி தானே எழுந்தது. தோல் உறுமியது. புலி புரண்டது. மும்முறை அதிர்ந்தது, நின்றது.

நின்ற அந்த இடைவெளியில், முதுகு காட்டி நின்ற ஆயிரம் பேரும், எதிரே இருந்த கார் நிறுத்துமிடத்தை நோக்கி, அண்டம் கிடுகிடுக்கக் கூவினார்கள்:

"கோச்சே!"

கூவிய பிறகே என்ன செய்தோம் என்று தெரிந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திடலின் ஓரத்தில் ராதாகிருஷ்ணன் நடையை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். குகன் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான்.

"அண்ணே," என்றான். "கடலு அந்தப் பக்கம்."

"வாய மூட்றா," என்றார் மாவீரர்.

ஆட்டத்தைப் பற்றிப் பாட எதுவுமில்லை. லெஃப்டில் ஆள் போட்டிருந்தார்கள், நாங்கள் தோற்றோம். கடைசி விசில் ஊதியதும் ராதாகிருஷ்ணன் தம் படையை விட்டுத் தனியே நடந்து எங்கள் வேலியண்டை வந்தார். உறுமியை இடுப்பில் சாய்த்தபடி சிவநேசன் இறங்கிச் சென்றார். கம்பிவலைக்கு இப்பக்கம் ஒரு மலை. அப்பக்கம் ஒரு மலை.

"வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன், சிவா," என்றார் கோச், யாருக்கும் கேட்காத குரலில். அவர் பின்னாலேயே இறங்கிப் போய் நின்ற எனக்குக் கேட்டது. "சொல்லிட்டுப் போகலாம்னுதான். நீ உள்ள ப்ராக்டிஸ் பண்ணிட்டு இருந்த. என் அடி. அதக் கேட்டுட்டு எப்படிலா உள்ள வந்து சொல்றது? அப்படியே திரும்பிட்டேன்."

அப்போது நிமிர்ந்தார் என் தலைவர்! வாரக்கணக்கில் லோரியில் தீட்டி, குளியலறையில் நஞ்சு தோய்த்து, உறக்கத்திலும் உச்சரித்துப் பழகிய சொல்லம்பை நெஞ்சென்னும் வில்லில் பூட்டி, புருவம் நெரிய, மீசை துடிக்க, நரம்பு புடைக்க, பண்டமாரானின் அத்தனை காயங்களும் தன் ஒரு நாவில் வந்து திரள, விண்ணவரும் செவிசாய்க்கும் பேரமைதியில், கம்பிவலையை இரு கைகளாலும் இறுகப் பற்றி, வாய் திறந்தார்:

"சாப்டாச்சாண்ணே?"