ஐம்பத்தெட்டுப் பல்

புதுச் சக்கரத்தின் பற்களை மூன்றாம் முறையும் எண்ணினேன். ஐம்பத்தெட்டு.

“ஒமுர்பெக், என் பொண்டாட்டிய நல்லா ஏமாத்திட்டாங்கடா. பெட்டி மேல அறுபதுனு போட்டிருக்கு. ரெண்டு பல்லைக் காணோம்.”

பக்கத்து வீட்டு மெக்கானிக் ஒமுர்பெக் என் ஜிகுலி காரின் பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

“அது இருக்கக் கூடாதுண்ணே. பல்லு இல்லாத இடம் சுத்தி வர்றப்பதான் இன்ஜினோட கிரான்க் எங்க நிக்குதுனு சென்சாருக்குத் தெரியும். இல்லாததை வச்சுத்தான் கணக்கே.”

இல்லாததை வைத்துக் கணக்கு. எனக்கு எதுவுமே சரியாகப் படவில்லை.

பிப்ரவரி இருபத்து மூன்று எங்கள் நாட்டில் ஆண்கள் தினம். இருபத்திரண்டு வருடமாக அன்று என் மனைவி சைக்கால் எனக்குக் கொடுத்தது ஒரு ஜோடி காலுறை. இந்த வருடம் காலுறை இல்லை. பெட்டி. உள்ளே பல்சக்கரம், சென்சார், காயில்கள், ஒரு கொத்து வயர். கிரான்க் சுற்றுவதைப் பார்த்தே பிளக்குக்குத் தீப்பொறி அனுப்பும் புது இக்னிஷன்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” பெட்டியைக் கொடுத்தபோதே அவளைக் கேட்டேன்.

“காலையில அரை மணி நேரம் வண்டியோட சண்ட போடுறீங்க. நரின் ஊருக்கே கேக்குது. எனக்குக் காது இல்லையா?”

பதில் நியாயமாக இருந்தது. சைக்கால் நியாயமாகப் பேசினால் நான் வீட்டில் எது பூட்டியிருக்கிறது, எது பூட்டவில்லை என்று பார்ப்பேன்.

வண்டியைப் பூட்டிப் பயனில்லை. அது எந்தச் சாவிக்கும் கிளம்பும். தேக்கரண்டிக் காம்புக்கும் கிளம்பும். நாலு வருடம் முன்பு அப்படித்தான் அவள் கோச்கோரில் இருக்கும் தம்பி மெலிஸ் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். மெலிஸ் பதினோரு நாள் வைத்திருந்தான். வண்டி திரும்பியபோது பின்சீட்டில் ஆட்டுப் புழுக்கை. ஒரு கண்ணாடி இல்லை. அன்றிலிருந்து வண்டியை நிறுத்தியதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். கட்டைவிரல் அளவு. அது இல்லாமல் பிளக்குக்குத் தீப்பொறி போகாது. தூங்கும்போது தலையணைக்கடியில். இதைப்பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே கண் கொட்டாமல் கவனித்தேன். ஒமுர்பெக் சக்கரத்தைக் கிரான்க் முனையில் இருக்கும் புல்லியில் மாட்டினான். சென்சாரைப் பல்லிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி வைத்தான். நான் மறுபடி அளந்தேன். பழைய டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எடுத்து, அது இருந்த ஓட்டையைத் தகடு போட்டு மூடினோம். தகட்டின் போல்ட்டுகளை நானே இறுக்கினேன். யாரையும் நம்புவதற்கில்லை.

தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று பார்க்க ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். சைக்கால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரே சுற்று. பிடித்துக்கொண்டது.

மின்னும் விளக்கைப் புல்லிமேல் பிடித்தேன். அதில் இருந்த குறி நாலு டிகிரி பின்னால் நின்றது. வண்டியை நிறுத்தி, சென்சாரை மயிரிழை நகர்த்தி, மறுபடி கிளப்பினோம். குறி இடத்தில் நின்றது.

“மெதுவா மிதி!”

“மூவாயிரம் சுத்துல நிறுத்தட்டுமாங்க?”

“மூவாயிரம்னு உனக்கு யாரு சொன்னா?”

“ஒமுர்பெக் தம்பி.”

“எப்போ?”

“பெட்டி வாங்கப் போனப்போ.”

ஒமுர்பெக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

“நீயாடா வாங்கிக் குடுத்த?”

“அண்ணி கேட்டாங்கண்ணே.”

கமிஷன் அடித்திருக்கிறான். மர்மம் விலகியது. அன்றும் ரோட்டரைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாளிலிருந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: மைனஸ் இருபத்தஞ்சு டிகிரி குளிர்லயும் ஒரே சுத்து! வழியில நிக்கவே நிக்காது!

மார்ச் எட்டு, பெண்கள் தினம். அன்று மட்டும் சமையல் என் வேலை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வண்டி கிளம்பியது. ஒரே சுற்று.

கத்தியும் கையுமாக, வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். இன்னொரு கை தானாகப் பைக்குள் போனது. ரோட்டர் இல்லை. இருந்துதான் என்ன? அது உட்காரும் இடத்தைத் தகடு போட்டு மூடி, போல்ட்டும் நானே இறுக்கியிருக்கிறேன்.

“எங்கடி போற?”

“மெலிஸ் வீட்டுக்கு. மூணு நாளு இருந்துட்டு வர்றேன்.”

“டோலோன் கணவாயில பனி கொட்டுது! வழியில நின்னுடும்!”

“நிக்கவே நிக்காதுனு தெருவெல்லாம் நீங்கதானே சொன்னீங்க? உள்ள போங்க, அடுப்புல ஏதோ தீயுது.”

போனேன். தீய்ந்திருந்தது. மேஜைமேல் ஒரு ஜோடி காலுறை. இந்த வருடத்துக்கானது. ஒன்றின் நுனி கனத்தது. கவிழ்த்தேன். ரோட்டர் விழுந்து உருண்டது.

தரை ஜில்லென்றிருந்தது. உட்கார்ந்து காலுறையைப் போட்டுக்கொண்டேன்.