கண்ணை மூடிய கை

என் கிராப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தூர் கடலை மண்டியில் தலைமுடி என்று மதித்துச் சொல்லும்படி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். காலையில் எண்ணெய், மாலையில் எண்ணெய், சட்டைப்பையில் எப்போதும் சீப்பு. அந்தக் கிராப்புக்குத்தான் ஆபத்து வந்தது.

பொங்கலன்று என் மனைவி தாட்சாயணி என்னைத் திருமலை இருக்கும் திக்கைப் பார்த்து நிற்கவைத்துக் கற்பூரம் ஏற்றினாள். குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாகச் சினிமாவுக்குப் போகமாட்டேன், போனால் ஏழுமலையானுக்கு முடி கொடுக்கிறேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அது எல்லைத் தகராறு நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்து ஊர்களெல்லாம் ஆந்திராவோடா, மெட்ராஸோடா என்று சித்தூரில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூட்டத்துக்கென்றுதான் பஸ் ஏறினேன். வழியில் சினிமாக் கொட்டகையைக் கட்டி வைத்திருந்தது என் குற்றமா? சாமியார் வேஷம் போட்டு வீடு வீடாகப் புகுந்து நகையைச் சுருட்டும் ஓர் எத்தனின் கதை. பிரமாதம். வீட்டுக்கு வந்து, கூட்டத்தில் ஒரே கூச்சல் என்று சொல்லித் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

விதி, அதே படம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்துவிட்டது. மகன் சம்பத்தும் மகள் மணியம்மாவும் போயே ஆகவேண்டும் என்று சோற்றைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அது பசங்க பாக்கற படம் இல்ல," என்றேன்.

தாட்சாயணி கடலை உரிப்பதை நிறுத்தினாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மண்டில பேசிக்கினு இருந்தாங்க. திருட்டுப் படமாம். பாத்தா பசங்க கெட்டுப்பூடுங்க."

"இன்னா திருட்டு?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் பாத்தனா?"

"மண்டி ஆளுங்க பேச்சைக் கேட்டுக்கினு பசங்கள அழவைக்கணுமா? எல்லாரும் போலாம். நீங்க நடுவுல குந்துங்க. ஆவாத கட்டம் வந்தா பசங்க கண்ண மூடிடுங்க. படிச்சவரு, உங்களுக்குத் தெரியாதா?"

படிச்சவரு என்றதும் நான் மடங்கிவிட்டேன்.

கொட்டகையில் ஒரே மெஷின். ரீல் தீர்ந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். படத்தில் அடுத்து என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் ரீல் தீரும் என்பது மட்டும் தெரியாது.

எல்லோரும் சிரித்த பிறகே சிரித்தேன். எல்லோரும் பயந்த பிறகே பயந்தேன். சட்டை நனைந்துவிட்டது. தாட்சாயணி திரையைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததே அதிகம்.

அந்தக் கட்டம் நெருங்கியது. சாமியார் ஒரு வீட்டு வாசலில் நின்று விபூதி கொடுக்கிறான். அடுத்த நிமிஷம் உள்ளே புகுந்து, ஒரு கம்பியை வளைத்துப் பூட்டைத் திறப்பான். சம்பத் கெட்டிக்காரன். ஒரு முறை பார்த்தால் போதும், அப்புறம் எங்கள் தெருவில் பூட்டே மிஞ்சாது. நான் முந்தினால் என் முடி போகும். பிந்தினால் பிள்ளை கெட்டுப்போய்விடுவான். என்ன இருந்தாலும் தகப்பன் இல்லையா? இரண்டு பிள்ளைகளின் கண்ணையும் கெட்டியாக மூடினேன்.

ரீல் தீர்ந்தது. திரை வெளுத்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

வெள்ளைத் துணிக்கு எதிரே, பிள்ளைகளின் கண்ணைப் பொத்தியபடி நான் உட்கார்ந்திருந்தேன்.

"நைனா, வுடு. வெளிச்சம் வந்துட்ச்சி," என்றான் சம்பத்.

தாட்சாயணி குரலை உயர்த்தவே இல்லை. "சாமியாரு விபூதிதான குடுத்துக்கினு இருந்தாரு? அதுக்கா கண்ண மூடுனீங்க?"

"இல்ல... அடுத்தது..."

"அடுத்தது இன்னா?"

பிள்ளைகளின் கண்ணிலிருந்து கையை எடுத்துச் சட்டைப்பையில் சீப்பைத் தடவினேன்.

"சித்தூர் மீட்டிங்ல இதெல்லாங்கூடக் காட்டுனாங்களா?"

நான் தலையைக் குனிந்தேன். அவள் என் கிராப்பை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தாள்.

"சனிக்கிழமை திருப்பதி போறோம். பசங்களும் வருவாங்க."

"பசங்க எதுக்கு தாட்சாயணி?"

"வரட்டும். அது பசங்க பாக்கறதுக்கு ஏத்ததுதான்."