எட்டுக் கட்டம் காலி

பவானி, தினேஷ், உங்கள் இருவரிடமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "எங்க நைனாவுக்கு கம்ப்யூட்டர்ல தெரியாததே இல்ல" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். அது பொய். திருத்தணியில் பாதிப் பேர் என்னைக் கம்ப்யூட்டர்காரர் என்று கூப்பிட்ட காலத்தில் எனக்குத் தெரிந்தது மவுஸ் ஒன்றுதான். (பிளஸ் டூவுல கணக்குல ஃபெயில். அதையும் இப்பவே சொல்லிடறேன். உங்க அத்தை வாயால தெரிஞ்சா இன்னும் அசிங்கம்.)

அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கிருத்திகைக்கு அன்னதான நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, இவைதான் வேலை. அதில் ஒரு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. எவ்வளவு கொடுத்தாலும் ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவேன். பொதட்டூர்பேட்டைக் குடும்பம் ஒன்று 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு அறுபத்தொரு சொந்தக்காரர்களின் பெயரைக் கொடுத்தது. ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் அத்தனை பேரையும் ஒரே பக்கத்தில் நிற்க வைத்தவன் உங்கள் நைனா. காலி இடம் கண்ணில் பட்டால் எனக்குக் கை அரிக்கும். ஒன்று அதில் ஒரு பூவை வைப்பேன், இல்லை அந்த இடத்தையே இழுத்து மூடிவிடுவேன்.

இனி உங்கள் மாமா முனிரத்தினத்தின் கதை. எனக்கு அவர் பாவா, ரேணுகா அக்காவின் வீட்டுக்காரர். கல்யாண பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தார். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் கிளாரினெட் பெட்டிக்குள் இருக்கும், பாவா வீட்டுக்குள் இருப்பார், அக்கா இரண்டையும் முறைத்துக்கொண்டிருப்பாள். மாதச் சம்பளத்தில் ஒரு வேலை என்பது அதனால்தான் அவர்களுக்கு அவ்வளவு பெரிய கனவு.

அந்தக் கனவு ஒரு மெட்ரிக்குலேஷன் பள்ளியின் உருவத்தில் வந்தது. பிள்ளைகளுக்கு பேண்ட் சொல்லித்தர ஆள் தேவை. பள்ளியின் தாளாளர் அம்மாள் பாவாவைச் சோதனைக்காக எடுத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை: விளையாட்டு விழாவில் பிள்ளைகள் அச்சடித்த இசை நோட்ஸைப் பார்த்து வாசிக்க வேண்டும். கேள்வி ஞானம் உதவாது. வருகிற பெற்றோர்கள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். நன்றாக வந்தால் மறுநாளே வேலைக்கு ஆர்டர்.

பாவா அரக்கோணத்தில் ஒரு சர்ச் பேண்டில் இருந்தபோது ஐந்து கோட்டு நோட்ஸ் படிக்கக் கற்றவர். பிள்ளைகளை நன்றாகவே பழக்கினார். "காதை மூடிக்கோ, கண்ணைத் தொற. பேப்பர்ல இன்னா கீதோ அதான் வாசிக்கணும்" என்று இரண்டு மாதம் அதையே சொன்னார். (இந்த வரியை ஞாபகம் வெச்சிக்கோங்க. எல்லா வினையும் இதாலதான்.) ஆனால் அவர் கையெழுத்தில் நோட்ஸ் எல்லாம் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கும். அச்சடிக்க வேண்டும் என்றதும் குடும்பமே என் பக்கம் திரும்பியது.

"இதெல்லாம் ஒரு வேலையா பாவா" என்றேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று இலவசமாகக் கொடுத்த சிடியில் இசை எழுதும் மென்பொருள் இரண்டு இருந்தன. முதலாவதைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். கோடும் இல்லை, குறியும் இல்லை. எல்லாவற்றையும் எழுத்தாக அடிக்க வேண்டுமாம். எந்தச் சுரமோ அதற்கு ஓர் ஆங்கில எழுத்து, எவ்வளவு நேரம் நீட்ட வேண்டுமோ அதற்கு ஓர் எண். அடித்து முடித்துக் கொடுத்தால் அது படித்துப் பார்த்து, தானே கோடு போட்டுப் பக்கமாக்கித் தரும். நான் ஒன்பது வரி அடித்துக் கொடுத்தேன். பதினொரு தப்பு என்று வரி எண்ணோடு பட்டியல் வந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பாவாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்த அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கல்யாணத்துக்கு முன்னால் சேலைப் பார்டருக்குப் பூ அட்டை குத்தியவள். தறிக்கு மேலே தொங்குமே, ஓட்டை ஓட்டையாக, அந்த அட்டை. பூவை யாரும் சேலையில் வரைவதில்லை. அட்டையில் ஓட்டையாக எழுதினால் தறி அதைப் படித்துப் பூவாக நெய்யும்.

"டேய் சேகரு, இது நம்ம பூ அட்டை மாதிரியே கீதுடா" என்றாள்.

"அக்கா, இது கம்ப்யூட்டர்" என்றேன். அந்த நிமிஷத்தில் நான் மூடிய வாய் அவளுடையது. மூடியிருக்க வேண்டிய வாய் என்னுடையது.

இரண்டாவது மென்பொருள் என் சாதி. திறந்ததுமே ஐந்து கோடு தயாராக இருந்தது. மவுஸால் ஒரு குறியைப் பிடித்துக் கோட்டில் கொண்டுபோய் விட்டால் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு பொத்தானை அமுக்கினால் வாசித்தும் காட்டும். பாவாவுக்கே கண் விரிந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிக் கோப்பாக, நான்கு நாள், ஒரு பத்திரிகை வேலையையும் தொடாமல் இழுத்து இழுத்து வைத்தேன். இன்றும் சொல்கிறேன், அந்த மென்பொருள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் சொன்னதையெல்லாம் அது செய்தது. குற்றமே அதுதான்.

விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் ட்ரம்பெட்டின் தாள் மட்டும் ஒரு பக்கம் முடிந்து இரண்டாம் பக்கத்தில் ஒன்றரை வரி வழிந்தது. அறுபத்தொரு சொந்தக்காரர்களை அடக்கியவனுக்கு இது தாங்குமா? உற்றுப் பார்த்தேன். ஐந்து கோட்டைக் குறுக்கே வெட்டிப் பிரித்த கட்டங்களில், தாளின் தொடக்கத்திலேயே எட்டுக் கட்டம் காலி. ஒவ்வொன்றிலும் கோட்டிலிருந்து ஒரு சின்னக் கறுப்புச் செங்கல் தொங்குகிறது, அவ்வளவுதான். வாசிக்க ஒன்றுமே இல்லாத கட்டத்தை எதற்கு அச்சடிக்க வேண்டும்? எட்டையும் ஒரே இழுப்பில் பிடித்து அழித்தேன். தாள் அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரே பக்கத்தில் அடங்கியது. பொத்தானை அமுக்கிக் கேட்டேன். ட்ரம்பெட் முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. காத்திருக்கவே வேண்டாமே. மிச்சமான இடத்தில் ஒரு பூவும் வைத்தேன்.

அந்த எட்டுக் கட்டம் என்ன என்று இப்போது சொல்கிறேன். சிறப்பு விருந்தினர் காரிலிருந்து இறங்கி மைதானத்தின் குறுக்கே மேடைக்கு நடந்து வர வேண்டும். பாவா அந்தத் தூரத்தைத் தானே நடந்து அளந்திருந்தார். முப்பத்திரண்டு காலடி. கட்டத்துக்கு நான்கு காலடியாக எட்டுக் கட்டம். அதுவரை கிளாரினெட்டும் புல்லாங்குழலும் மெதுவாக வாசிக்கும், ட்ரம்பெட் வாசிக்காமல் காத்திருக்கும். அந்தக் கறுப்புச் செங்கலுக்கு அதுதான் அர்த்தம். விருந்தினர் மேடை ஏறியதும் ட்ரம்பெட் ஒலிக்கும். ட்ரம்பெட் கேட்டால் பலூன்களை விட வேண்டும், நான்கு அணிகளும் அணிவகுத்து நடக்கத் தொடங்க வேண்டும். பள்ளிக்கூடம் முழுக்க அந்த ட்ரம்பெட்டைத்தான் அடையாளமாக வைத்திருந்தார்கள்.

காலையில் கரண்ட் போய், வந்து, மறுபடி போய், நான் தாள்களோடு பள்ளிக்குள் நுழைந்தபோது கார் வந்துவிட்டது. பாவா கிளாரினெட் தாளை மட்டும் புரட்டிப் பார்த்து, "அழகா கீது மச்சான். எல்லாத்தையும் பாத்துட்டியா?" என்றார்.

"ஆங், பாத்துட்டேன்" என்றேன். உண்மைதான். பார்த்துதான் அழித்தேன்.

விருந்தினர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கனத்த உடம்பு, தோளில் புதுச் சால்வை. அவர் காரிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பாவா கையை உயர்த்தினார். கிளாரினெட் மெல்லத் தொடங்கியது. அதே நொடியில் ட்ரம்பெட் வாசிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளும், காதை மூடிக் கண்ணைத் திறந்து, பேப்பரில் இருந்தபடியே முழு மூச்சில் ஊதினார்கள்.

பலூன்கள் போயின. மேடையில் தாளாளர் அம்மாள் மாலையை வைத்துக்கொண்டு வெறும் நாற்காலிக்கு எதிரே நின்றார். நான்கு அணிகளும் நான்கு மூலையிலிருந்து கிளம்பின. ஸ்டேஷன் மாஸ்டர் சரியாக மைதானத்தின் நடுவில் சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும் இடையில் மாட்டிக்கொண்டார். முன்னால் போக வழியில்லை, பின்னால் திரும்ப வழியில்லை. நின்றால் ஐம்பது பிள்ளைகள் மேலே வந்து மோதும். பெரிய மனுஷர், யோசித்தார். பிறகு சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது வலது என்று கைவீசி நீல அணியோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். மேடைக்கு நேரே வந்தபோது எல்லாரையும்போல அவரும் மேடைக்கு சல்யூட் வைத்தார். அதை வாங்கிக்கொள்ள வேண்டியவரே அவர்தான்.

அதற்குள் ட்ரம்பெட் முடிந்து பிள்ளைகள் விறைப்பாக நின்றுவிட்டார்கள். மற்றவர்களுக்கு இன்னும் எட்டுக் கட்டம் பாக்கி. ட்ரம்பெட் நின்றதால் இரண்டு அணிகள் நின்றன, டிரம்ஸ் கேட்டதால் இரண்டு அணிகள் நடந்தன. பாவா கையை உயர்த்தியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

(நான் எங்க நின்னேன்னு கேக்கறீங்களா? தண்ணி டேங்குக்குப் பின்னால.)

விழா முடிந்ததும் தாளாளர் அம்மாள் கூப்பிட்டார். நான் ஓடிப்போய், தாளில் நான்தான் தப்பு செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாவா முந்திக்கொண்டார். தாளைச் சரிபார்க்க வேண்டியது மாஸ்டரின் பொறுப்பு, தப்பு தன்னுடையது என்றார். அம்மாள் ஆர்டரைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர்தான் வேர்வையைத் துடைத்துக்கொண்டே குறுக்கே வந்தார். "விடுங்கம்மா. முப்பத்தஞ்சு வருஷம் கொடி காட்டி மத்தவங்களை அனுப்பிகினே இருந்தேன். இன்னிக்குத்தான் நானே கெளம்பினேன்" என்றார். அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் பரிசளிப்பு விழா, அதில் ஒரு வாய்ப்பு, அதுவே கடைசி என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அக்கா எதையும் எறியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏண்டா அழிச்சே?" என்றாள்.

"காலியா இருந்திச்சிக்கா."

பாவா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "காலி இல்ல மச்சான். அவங்க அங்க நின்னுகினு கீறாங்க. எண்ணிகினு நிக்கிறாங்க."

"பூ அட்டையில ஓட்டை இல்லாத எடத்தை வெட்டிப் போட்டுப் பாரு" என்றாள் அக்கா. "காம்பு இருக்கிற எடத்துல பூ வரும், பூ இருக்கிற எடத்துல முந்தானை வரும். அன்னிக்கே சொன்னேன். தொரை கம்ப்யூட்டர்னாரு."

அடுத்த ஞாயிறு மத்தியானம் மூவரும் கடையில் உட்கார்ந்தோம். வெள்ளைப் பக்கம் காட்டுகிற முதல் மென்பொருளைத் திறந்தேன். பாவா நோட்ஸைச் சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். (டைப்பிங் லோயர் பாஸ். உங்க அத்தையோட விரல் வேகத்தைப் பாத்திருக்கீங்களே, முறத்துல பொடைக்கும்போது.) என் வேலை, தப்புப் பட்டியலை உரக்கப் படிப்பது. ஆறாவது வரியில் கட்டத்துக்குள் கணக்கு இடிக்கிறது என்றது. பார்த்தால் பாவாவே ஒரு சுரத்தை அரைப் பங்கு குறைத்துச் சொல்லியிருந்தார். அப்போதுதான் அந்த மென்பொருளின் குணம் எனக்குப் பிடிபட்டது. அது அக்காவைப் போல. முகம் பார்த்துப் பேசாது, பூ வைக்க விடாது, குற்றத்தை மட்டும் சொல்லும். சொன்ன குற்றம் சரியாக இருக்கும்.

ட்ரம்பெட்டின் முறை வந்தது. பாவா நிறுத்தினார். சும்மா இருப்பதற்கும் அதில் ஓர் எழுத்து இருந்தது. ஆங்கிலத்தில் பெரிய ஆர், பக்கத்தில் எத்தனை கட்டம் என்று எண். பேசாமல் இருப்பதையும் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும். அதை மட்டும் நான் அடிக்கிறேன் என்று கேட்டேன். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள். ஒரே விரலால், எழுத்தைத் தேடித் தேடி, எட்டு என்று அடித்தேன். தாள் இரண்டு பக்கம் வந்தது. வரட்டும் என்று விட்டேன்.

பரிசளிப்பு விழாவில் விருந்தினர் ஒரு டாக்டர் அம்மாள். கிளாரினெட் தொடங்கியது. அவர் நடந்தார். ட்ரம்பெட் பிள்ளைகள் இரண்டு பேரும் உதடு அசைய எண்ணிக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான எட்டுக் கட்டத்தை நான் பார்த்ததில்லை. டாக்டர் அம்மாள் மேடையில் கால் வைத்தார், ட்ரம்பெட் எழுந்தது. பாவா அந்த வாரமே ஆர்டர் வாங்கினார். இன்றுவரை அந்தப் பள்ளியில்தான் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று: யாராவது பேசும்போது நான் குறுக்கே புகுந்தால் உங்கள் அத்தை, "ஆங், ட்ரம்பெட் வந்துடுச்சி" என்கிறாளே, என் குரல் பெரிது என்பதால் அல்ல.

நான் இப்போதும் மவுஸ் பிடிப்பவன்தான். கல்யாணப் பத்திரிகைக்கு அதுதான் சரி. ஆனால் ஒருவர் சம்பளம் அந்தத் தாளில் நிற்கிறது என்றால் எழுத்தாக அடிக்கிறேன்.

அன்றைக்கு நடந்த ஒன்றை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பரிசளிப்பு முடிந்து எல்லாரும் கேசரி வாங்கப் போய்விட்டார்கள். மைதானத்தில் தாள் தாங்கிகள் மட்டும் நின்றன. நான் ட்ரம்பெட்டின் இடத்தில் போய் நின்றேன். தாளை நேராக வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று செருப்பால் மெல்லத் தட்டி, எட்டுக் கட்டத்தையும் ஒன்றுவிடாமல் எண்ணினேன். முடிந்ததும், யாரும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, ட்ரம்பெட்டின் முதல் சுரத்தை வாயாலேயே ஊதினேன்.