ஏழாம் எண் வீட்டின் பத்தொன்பதாயிரம் அடி

“காலை நீட்டுங்க அப்பச்சி. பட்டையைக் கட்டணும்.”

பெத்தாச்சி செட்டியார் நீட்டவில்லை. சைகோனின் சோலோன் சந்தையில் கோழிகளின் காலில்தான் இப்படி எதையாவது கட்டி அவர் பார்த்திருக்கிறார். நான்கு தலைமுறையாக அந்த ஊரில் தலைநிமிர்ந்து நடந்த குடும்பம். அதன் தலைவர் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதே போதாதா?

“இது எதுக்கு?”

“நீங்க ஒரு நாளைக்கு எத்தனை அடி எடுத்து வைக்கிறீங்கன்னு எண்ணும்.” மகள் சிவகாமி இன்னொரு பட்டையை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். “ஆத்தா, இது உங்களுக்கு.”

“அவளுக்கென்ன, நல்லாத்தானே நடக்கிறா?”

“ஒருத்தரோட இன்னொருத்தரை ஒப்பிட்டுப் பாக்கணும் அப்பச்சி. இந்தாங்க, சம்மதப் பத்திரம். படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

பெற்ற மகள் நீட்டும் காகிதத்தைச் சந்தேகப்பட்டுப் படிக்கும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. நான்கு பக்கத்தையும் புரட்டாமல் கையெழுத்திட்டார். தெய்வானை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக நான்கு பக்கமும் படித்தாள். பிறகு லேசாகச் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

சிவகாமி நகரின் தூ டுக் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மறுவாழ்வு அறிவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். அது என்ன படிப்பு என்று ஊரிலிருந்து உறவினர் கேட்கும்போதெல்லாம் பெத்தாச்சி, “டாக்டருக்குப் படிக்குது” என்பார். “என்ன டாக்டர்?” என்று கேட்டால், “பெரிய டாக்டர்” என்பார். பட்டம் கிடைத்ததும் அங்கேயே விரிவுரையாளர் வேலை காத்திருக்கிறது. அதையும் காரைக்குடி வரை சொல்லியாகிவிட்டது.

“இந்த வீட்டுக் கணக்கை நம்பித்தான் என் ஆய்வே நிக்குது அப்பச்சி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கேதான் வில்லங்கம். நடப்பதென்றால் நான்குகால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்க வேண்டும். எதிர்வீட்டு நூடுல்ஸ் கடைக்காரி தினமும் “ஐயா” என்று எழுந்து நிற்பவள். அவள் முன்னால் தத்தித் தத்திப் போவதா?

“வலி இருக்கட்டும், மானம்னு ஒண்ணு இருக்கே” என்றார்.

“அது மட்டும் முறியலை” என்றாள் தெய்வானை, காப்பியை வைத்தபடி.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் ஊஞ்சல் சேவை; வாசலிலேயே காரில் ஏறிப் போனார்கள். தோல்பட்டையோடு சன்னிதிக்குப் போகக்கூடாது என்று கழற்றியவருக்கு ஒரு யோசனை உதித்தது. யாரும் பார்க்காதபோது அதை ஊஞ்சல் பலகைக்கு அடியில் கயிற்றால் கட்டிவிட்டார். சாமி ஒரு மணி நேரம் ஆடியது. வீடு திரும்பிய பிறகுதான் பட்டை அங்கேயே இருப்பது நினைவுக்கு வந்தது.

“தெய்வானை, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துரு.”

அவள் போய்விட்டு வந்தாள். கயிற்று முடிச்சு இறுகிவிட்டது, கத்தரிக்கோல் வேண்டும் என்று மறுபடியும் போனாள்.

வார இறுதியில் கஸ்தோன் வந்தார். ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர், பாண்டிச்சேரி வம்சம், ஐம்பது வயது. இரண்டு பட்டைகளையும் கணினியில் செருகிப் பார்த்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார்.

“செட்டியாரய்யா! இந்த வீட்ல வெள்ளிக்கிழமை பதினோராயிரம் அடி! உங்க மகளோட பேராசிரியரம்மா அசந்துடுவாங்க.”

பெத்தாச்சி மீசையைத் தடவினார். “பழைய உடம்பு.”

“மத்த நாளும் இப்படி வந்தா பிரமாதம்.”

மற்ற நாளுக்குச் சாமியை யார் ஆட்டுவது? திங்கட்கிழமை பட்டையை டேபிள் ஃபேன் கழுத்தில் கட்டினார். அது இப்படியும் அப்படியும் தலையாட்டியது. ஆனால் முன்னறையில் வைத்தால் வருகிறவர் கண்ணில் படும். அவர்கள் வீடு அந்த ஊர் வழக்கப்படி ரயில்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தியது போல ஒடுங்கிய ஐந்து மாடி.

“மேல்மாடிக்குக் கொண்டுபோய் வச்சுரு.”

தெய்வானை ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

“சுத்துதான்னு பாத்துட்டு வா!”

ஏறினாள்.

“மழை வருது, ஜன்னலைச் சாத்து!”

ஏறினாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபேன் சூடாகிறது, நிறுத்த வேண்டும். ஆறியதும் போட வேண்டும். கஸ்தோன் வாசலில் தலைகாட்டினால் பட்டையை அவிழ்த்துக் கொண்டுவந்து அவர் காலில் மாட்ட வேண்டும்.

“பதினாலாயிரம்!” என்றார் கஸ்தோன் அடுத்த வாரம். அதற்கடுத்த வாரம், “பதினேழாயிரம்! ஐயா, இப்படி ஒரு வீட்டை நாங்க பாத்ததே இல்லை!”

இடுப்பு முறிந்த கிழவன் பதினேழாயிரம் அடி நடந்தால் எந்தப் பேராசிரியர் நம்புவார்? தோண்டித் துருவினால் மகள் மாட்டிக்கொள்வாள். பட்டம் போகும், வேலை போகும், குடும்பத்தின் பேரும் போகும்.

“தெய்வானை! ஃபேனை நிறுத்து!”

நிறுத்தினாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று ஏழு முறை மேலே அனுப்பி, நின்றுவிட்டதா என்று பார்த்துவரச் சொன்னார். பட்டையை அரிசிப் பானைக்குள் போட்டு மூடச் சொன்னார். பிறகு பானையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோகச் சொன்னார். கவலையில் அவருக்கு நாக்கு வறண்டு, ஒரு நாளைக்கு எட்டுக் காப்பி கேட்டது.

சனிக்கிழமை கஸ்தோன் கணினியைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

“பத்தொன்பதாயிரம்!”

அரிசிப் பானைக்குள் கிடந்த பட்டை பத்தொன்பதாயிரம் அடி நடந்திருக்கிறது! பெத்தாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “முருகா, போதும். நீ நடக்கிறதை நிறுத்து.”

சிவகாமியின் வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. தூ டுக்கில் பெரிய அரங்கம். முன்வரிசையில் பட்டுக்கரை வேட்டியோடு பெத்தாச்சி, பக்கத்தில் கஸ்தோன். தண்ணீர், மாத்திரை, சால்வை, விசிறி என்று அவர் கேட்டதையெல்லாம் எடுத்துவரக் காருக்கும் அரங்கத்துக்குமாகத் தெய்வானை அலைந்துகொண்டிருந்தாள்.

திரையில் கம்பிகள் போல வரைபடம். ஒரே ஒரு கம்பி மட்டும் கோபுரமாக நின்றது: ஏழாம் எண் வீடு, ஆய்வில் அவர்கள் வீட்டுக்குக் கொடுத்த எண். வெள்ளைத்தலைப் பேராசிரியரம்மா வியட்நாமிய மொழியில் ஒலிபெருக்கியில் சொன்னார்:

“இத்தனை வருடத்தில் இப்படி ஓர் எண்ணிக்கையை நான் கண்டதில்லை. ஏழாம் எண் வீட்டிலிருந்து வந்திருப்பவரை மேடைக்கு அழைக்கிறேன். அந்தக் கால்களை நாம் பார்க்க வேண்டும்.”

முடிந்தது. மேடைக்கு ஆறு படி. இரண்டாவது படியிலேயே உண்மை தெரிந்துவிடும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் மகள்மேல் பழி விழும். பெத்தாச்சி முதுகை நிமிர்த்தினார். வாழ்நாளில் முதன்முறையாக, நூறு பேர் பார்க்க, வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அம்மா! என் மகள்மேல் எந்தத் தப்பும் இல்லை. ஏமாற்றியது நான். ஓர் அடிகூட நான் நடக்கவில்லை. முதலில் முருகனின் ஊஞ்சல், அப்புறம் ஃபேன், கடைசியில் அரிசிப் பானை. தண்டனை எதுவானாலும் எனக்கே கொடுங்கள்.”

மேடையில் சிவகாமி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கஸ்தோன் மெல்ல அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

“உக்காருங்கய்யா. உங்க பட்டையில வந்தது மனுசன் நடை இல்லைன்னு முதல் வாரமே கண்டுபிடிச்சு ஒதுக்கியாச்சு.”

“அப்ப, அந்தப் பத்தொன்பதாயிரம்?”

தண்ணீர்க் குப்பியோடு மூச்சுவாங்க உள்ளே வந்துகொண்டிருந்த தெய்வானையைக் கஸ்தோன் கைகாட்டினார்.

“அது ஆச்சியோட காலுங்க. வீட்ல நோயாளி உக்காந்திருந்தா, பாத்துக்கிறவங்க எவ்வளவு நடக்கிறாங்கங்கிறதுதானே ஆராய்ச்சியே. நீங்க கையெழுத்துப் போட்ட காகிதத்துல முதல் வரியே அதானேய்யா!”