பெரிய விஷயக்காரர்

பாட்டுப் பாடிக் காட்டுகிறேன் என்று வருகிறவரிடமிருந்து தப்பலாம். ஊருக்குப் போய் எடுத்த போட்டோக்களோடு வருகிறவரிடமிருந்தும் தப்பலாம். ஆனால் வாழ்க்கையில் எது முக்கியம் என்று கண்டுபிடித்துவிட்ட மனிதர் மாடிப்படியில் எதிரே வந்தால், ஐயா, உங்களுக்குத் தப்ப வழியே கிடையாது. இந்த இனத்துக்குப் பெரிய விஷயக்காரர் என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான். எங்கள் வீட்டு மாடியில் ஒருவர் குடியிருந்தார். இப்போது எங்கே இருக்கிறார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டால், "நாம எங்க போறோம்கிறதுதான் கேள்வி" என்பார். அதற்குள் பஸ் போய்விடும். ஒரு வாரம் குடும்பம்தான் முக்கியம் என்று கண்டுபிடித்து, மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற மகனையும், பல்வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற மகளையும், அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தவிக்கிற மனைவியையும் வட்டமாக உட்காரவைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சொல்வார். பால் பொங்கும். அடுத்த வாரம் மௌனம்தான் முக்கியம். அதை விளக்குவதற்காகக் கீழே வந்து என்னிடம் சாயங்காலம் முழுக்கப் பேசுவார்.

இப்படியிருக்கையில், அவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

"ஏங்க, இதைக் கொஞ்சம் முடுக்கி விடுங்களேன்" என்றார் மனைவி.

"இதெல்லாம் சின்ன விஷயம்மா."

"சின்ன விஷயம்னா சீக்கிரம் முடிஞ்சிடுமே!"

நியாயம்தானே? அவருக்கு அது எட்டவில்லை. அந்த அம்மாள் பிளம்பரை வரவழைத்தார். பிளம்பர் பையைத் திறந்து துழாவும்போதே இவர் கேட்டார்: "தம்பி, வாழ்க்கையில நீங்க எதைத் தேடுறீங்க?"

"ஸ்பானரைத்தாங்க. இதுலதான் வெச்சேன்."

"சரி, அது கிடைச்சப்புறம்?"

பிளம்பர் யோசித்தார். பிறந்ததிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பையை மூடிவிட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. ஊரில் எத்தனையோ குழாய்கள் அவருக்காகக் காத்திருந்து ஒழுகின.

விஷயம் பரவி, அவர் ஆபீஸ் கணக்கர் வந்தார். தெருமுனைத் தையல்காரர், யாருடைய சட்டையையோ பாதியில் விட்டுவிட்டு வந்தார். எல்லாரும் ஒழுகலுக்கு அடியில் வைத்திருந்த வாளியைச் சுற்றி உட்கார்ந்து சொட்டுகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு சொட்டும் ஒரு கணமாம்! வாளி நிறைந்தது. கொட்டுவதற்காக அந்த அம்மாள் கைவைத்தபோது, "விடும்மா, நிறைஞ்சு வழியறதுதானே வாழ்க்கை" என்று தடுத்துவிட்டார். வழிந்தது. எங்கே வழிந்தது? கீழே, எங்கள் சாப்பாட்டு அறைக்குள்.

கூரையில் தட்டளவு தெரிந்த ஈரம் சைக்கிள் சக்கரமளவு ஆயிற்று. நான் குடை பிடிக்க, என் மனைவி பரிமாறினாள். "மேல போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். எனக்கும் கோபம் பொத்துக்கொண்டுதான் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் போனேன். இருட்டிய பிறகு திரும்பி வந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"நம்மகிட்ட குடை இருக்கிறதே பெரிய விஷயமாம்."

அவள் குடையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கூரை மடமடவென்றது. மனைவியை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். பெரிய விஷயக்காரர், பிளம்பர், கணக்கர், தையல்காரர், கடைசியாக வாளி என்று ஒருவர் பின் ஒருவராக எங்கள் மேஜைமேல் வந்து இறங்கினார்கள். யாருக்கும் அடியில்லை, மேஜையைத் தவிர.

"பாத்தீங்களா?" என்றார் பெரிய விஷயக்காரர், தலையிலிருந்த காரையைத் தட்டியபடி. "எதுவுமே நிலையில்லைன்னு நான் சொல்லலே?" மற்ற மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

ஓட்டை வழியாக அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "எல்லாரும் முழுசா இருக்கீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிளம்பரின் பை மேலேயே நின்றுவிட்டிருந்தது. அதிலிருந்து ஸ்பானரை எடுத்து ஒரு திருகு திருகினார். அவ்வளவுதான், ஒழுகல் நின்றது.

இவர் அண்ணாந்து பார்த்தார். "சொட்டுச் சத்தத்தையே காணோமே?"

"முடுக்கிட்டேங்க."

"அப்ப... நான் மேல வரட்டுமா?"

"அவசரமில்லைங்க. எது முக்கியம்னு யோசிச்சு முடிச்சிட்டு நிதானமா வாங்க."

அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். மேலே பால் பொங்கி வழிவதில்லை. மகள் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள்; மகன் பாஸாகிவிட்டான். அவர்கள் சிரிக்கிற சத்தம் ஓட்டை வழியாகக் கேட்கும்போதெல்லாம் இவர் நிமிர்ந்து பார்க்கிறார். யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார். எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சற்று முன்னால் உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, என்ன பதில் சொன்னீர்கள்? "இரு, இதைப் படிச்சிட்டு வரேன்" என்றுதானே? எதற்கும் எழுந்து போய்ப் பாருங்கள். கூப்பிடுகிற சத்தம் இப்போது நின்றுவிட்டது.