ஈஸ்ட் ஹாம் சீமாட்டியின் சபதம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்
கார்த்திகை 1991

பேரன்புள்ள பாலாம்பிகை அக்காவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் இவரும் சுகம். கொழும்பில் உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்க வேண்டுகிறேன்.

நான் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவது தெரியும்தானே. இந்தத் தவணை மார்கரெட் ரீச்சர், பதினெட்டாம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் தங்களுக்குள் எழுதிய கடிதங்களை வாசித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் புதிதாகப்படவில்லை அக்கா. யாருக்கு எங்கே சம்பந்தம், மாப்பிள்ளைக்கு எவ்வளவு காணி, யாரை யார் விருந்துக்குக் கூப்பிடவில்லை, இவ்வளவுதான்! அதையே நாடகமாகப் போடுவோம் என்று சொல்லி, எனக்குத் தேத்தண்ணி ஊற்றும் வேலைக்காரி வேஷம் தந்தார். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எல்லோருக்கும் ஊற்றுகிறவள் நான்தான். சீமாட்டி என்றால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை என்று நேரே சொல்லி, அந்த வேஷத்தையே வாங்கிவிட்டேன். "உமக்கேனப்பா இந்த வேலை?" என்றார் இவர். "என்னால ஏலும்" என்றேன்.

இடுப்பில் கம்பி வளையம் கட்டிய பாவாடை காருக்குள் அடங்காமல், பஸ்ஸில் பக்கவாட்டாக ஏறிப் போனேன். மண்டப வாசலில் அது சிக்க, இவர் பின்னால் நின்று தள்ளினார். மேடையில் முதல் வசனம் சொன்னேன், இரண்டாவது மறந்துபோச்சு. திரைக்குப் பின்னால் ரீச்சர் எடுத்துக்கொடுத்தது, காதை மூடிய பொய்முடியால் கேட்கவில்லை. சீமாட்டிக்கு ஊர்ப்புதினமும் வம்பும்தானே வேண்டும் என்று, ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற எங்கள் சிநேகிதி சிவமலர் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஊரையே கூப்பிட்டுவிட்டு, பாதிப் பேரை மட்டன் ரோல்ஸ் காணாமல் பசியோடு அனுப்பிய கதையை இங்கிலீஷில் எடுத்துவிட்டேன். நிமிர்ந்தால், முன்வரிசையில் சிவமலர்! இவர்தான் வரச்சொன்னவராம்.

அவ எழும்பி நின்று, "பொய் சொல்லாதையும் கனகாம்பிகை! ரோல்ஸைப் பையில கட்டிக்கொண்டு போனது நீர்தானே!" என்றா.

"அது என்ரை மனுசனுக்கு! காய்ச்சலில கிடந்த மனுசன்!" என்று விசிறியை நீட்டிக் கத்தினேன்.

வெள்ளைக்காரர் அதுவும் நாடகம் என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் காலத்துச் சீமாட்டிகளை இன்றுதான் நேரில் கண்டேன் என்று ரீச்சர் கண் கலங்கினார்.

அக்கா, முடிவெடுத்துவிட்டேன். இனி மேடை ஏறமாட்டேன். சிவமலரின் வாசற்படி மிதிக்கமாட்டேன். மனோர் பார்க் கோயிலில் அவ வலப்பக்கம் நின்றால் நான் இடப்பக்கம். "ஒரு போன் எடுத்துக் கதையுமன்" என்று இவர் கெஞ்சியும் ஏலாது என்றுவிட்டேன். நீங்கள் சொன்னாலும் மாறமாட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

சொன்ன சொல் மாறாத தங்கை,
கனகாம்பிகை

பி.கு.: கடிதம் ஒட்டுமுன் சிவமலர் வந்துவிட்டா. நத்தார் பண்டிகைக்குப் பெரிய மண்டபத்தில் திரும்பவும் நாடகமாம். ரீச்சர் அவவையும் எதிர்ச் சீமாட்டியாகச் சேர்த்துவிட்டாராம். இப்போது குசினியில் இருவரும் பழகுகிறோம். சண்டைக்கு விஷயம் காணாது. அவவின் குடும்பத்தைப் பற்றி ஏதும் தெரிந்தால் உடனே எழுதுங்கோ. அவவும் எங்களைப் பற்றி விசாரித்து ஊருக்கு எழுதிப் போட்டிட்டாவாம்.